ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: ரீமேப்புக்கு அப்புறம் கிளட்ச் ஸ்லிப், எந்த செட் போடலாம்?

காளப்பட்டி_ஆர்எஸ்

வணக்கமுங்க. வண்டி பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் 20 வால்வு டர்போ, 02ஜே ஐந்து கியர் பாக்ஸ். கிளட்ச் வண்டியோட வந்ததுதான், 92,000 கிமீ ஆச்சு. கம்பெனிக் கணக்கு 150 பிஎஸ், 210 என்எம். இப்ப ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ரீமேப், 3 இஞ்ச் டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த புகைக்குழாய்), பெரிய இன்டர்கூலர். ட்யூனர் சொன்ன கணக்கு 195 பிஎஸ், 300 என்எம்.

நாலாவது கியர்ல 2,500ல இருந்து முழுசா மிதிச்சா, 3,000 தாண்டினதும் ஆர்பிஎம் முள் மட்டும் எகிறுது, வண்டி கூடவே வரல. மெதுவா ஓட்டினா ஒரு குறையும் இல்ல.

ஓட்டம் எப்படின்னா: தினமும் அவிநாசி ரோடு டிராஃபிக், மாசம் ஒரு தடவை வால்பாறை, வருஷத்துக்கு ரெண்டு மூணு நாள் கோவை கரி ரேஸ் ட்ராக். நின்ன இடத்துல இருந்து நேரா பாயற டிராக் (drag) ரேஸ் கிடையாது.

யோசிச்சு வெச்சிருக்கறது மூணு:
1. அதே டூயல் மாஸ் (ரெண்டு பாதியா வர்ற ஃப்ளைவீல்) செட், புதுசு.
2. ஜி60 ஃப்ளைவீல் + விஆர்6 கிளட்ச்.
3. 6 பக் செராமிக் (முழு வட்டத்துக்குப் பதிலா ஆறு துண்டு லைனிங்). "600 என்எம் தாங்கும், அப்புறம் அந்தப் பக்கமே வர வேண்டியதில்ல"ன்னு கடையில சொல்றாங்க.

எது சரியா வரும்? பாக்ஸ் இறக்கறப்ப கூடவே என்னென்ன மாத்தணும்?

---

ஸ்பேனர்_13

செட் எதுன்னு பேசறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துருங்க தம்பி. காசு அங்கதான் மிச்சமாகும்.

முதல்ல, ஸ்லிப் உண்மைதானான்னு எண்ணுல பாருங்க. விசிடிஎஸ்ல (லேப்டாப்ல ஈசியூவைப் படிக்கற சாஃப்ட்வேர்) ஆர்பிஎம்மையும் வேகத்தையும் சேர்த்து லாக் பண்ணுங்க. ஒரே கியர்ல ஆர்பிஎம்மை வேகத்தால வகுத்தா எப்பவும் ஒரே எண்தான் வரணும். இந்த வண்டில வேக சென்சார் கியர் பாக்ஸ்லயே, டிஃபரன்ஷியல் பக்கம் உக்காந்திருக்கு. அதனால முன் டயர் சுத்தினாலும் அந்த எண் மாறாது. மாறுச்சுன்னா குத்தவாளி கிளட்ச் மட்டும்தான்.

ரெண்டாவது, ஏன் ஸ்லிப் ஆகுதுங்கறது. டார்க் கூடினது ஒரு காரணம். ஆனா வேற ரெண்டும் இருக்கலாம்.

ஆயில்: இன்ஜினும் பாக்ஸும் சேர்ற இடத்துக்கு அடில விரல் விட்டுத் துடைச்சுப் பாருங்க. கறுப்பா வந்தா கிராங்க் பின்பக்க சீல். கந்தக வாடை அடிச்சா கியர் ஆயில், அதாவது இன்புட் ஷாஃப்ட் சீல். பிளேட்ல ஆயில் இறங்கிட்டா எந்த பிராண்டு போட்டாலும் ஆறு மாசத்துல இதே பேச்சுதான்.

ஹைட்ராலிக்: நல்லா ஓட்டி ஸ்லிப் வந்த சூட்டோட நிறுத்தி, பெடல்ல கால் வைக்காம ஸ்லேவ் சிலிண்டர் (பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளறது) பிளீட் நிப்பிளை அரைச் சுத்து தளர்த்துங்க. சும்மா கசிஞ்சா சரி. பீச்சி அடிச்சா மாஸ்டர் சிலிண்டர் (பெடல் பக்கம் இருக்கறது) பிரஷரை முழுசா விடல, கிளட்ச் எப்பவும் கொஞ்சம் அமுங்கியே இருக்குன்னு அர்த்தம். அந்தக் கேஸ்ல பாக்ஸை இறக்கவே வேண்டாம்.

---

காளப்பட்டி_ஆர்எஸ்

பாத்துட்டேன்ங்ண்ணா. அடில ஈரம் இல்ல. நிப்பிள்ல சும்மா கசிவுதான். நாலாவது கியர் லாக்:

2,000 ஆர்பிஎம், 62 கிமீ
2,800 ஆர்பிஎம், 87 கிமீ
3,250 ஆர்பிஎம், 93 கிமீ
3,600 ஆர்பிஎம், 103 கிமீ

அதுக்கு மேல காலை எடுத்துட்டேன்.

---

உராய்வு

லாக் தெளிவாக இருக்கிறது. முதல் இரண்டு வரியிலும் ஒரு கிலோமீட்டருக்கு 32 ஆர்பிஎம். மூன்றாவது வரியில் 35. 93 கிமீ வேகத்துக்கு இன்ஜின் 2,995ல் இருக்க வேண்டும், 3,250ல் இருக்கிறது. வேகம் முழு எண்ணாக வருவதால் முப்பது ஆர்பிஎம் வரை பிழை இருக்கலாம், 255 என்பது பிழையல்ல. 280 என்எம் டார்க்கில் 255 ஆர்பிஎம் நழுவினால் சுமார் ஏழரை கிலோவாட் சூடு பிளேட்டில் இறங்குகிறது. பெயருக்கேற்ற ஏழரைதான். புது செட் வரும்வரை நாலு, ஐந்தாம் கியர்களில் 4,000க்குக் கீழே முழு மிதி வேண்டாம். இல்லாவிட்டால் ஃப்ளைவீலிலும் நீலத் திட்டு விழும்.

இனி தேர்வு. கிளட்ச் தாங்கும் டார்க்குக்கு ஒரே ஒரு கணக்குதான்:

2 × உராய்வுக் கெழு × அழுத்தும் விசை × சராசரி ஆரம்

முன்னால் இருக்கும் 2, பிளேட்டின் இரண்டு முகங்களுக்கு. 228 மிமீ பிளேட், உள்வட்டம் 150 மிமீ என்று வைத்தால் சராசரி ஆரம் 94.5 மிமீ. ஆர்கானிக் லைனிங்குக்கு (பிளேட்டின் உராயும் முகம்) 0.30, பிரஷர் பிளேட் (பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்துவது) விசை 6,000 நியூட்டன் என்றால் 340 என்எம். அதே பிளேட் நன்றாகச் சூடேறி கெழு 0.25க்கு இறங்கினால் 283தான். அதாவது காகிதத்தில் 340 தாங்கும் கிளட்ச், வால்பாறை ஏறி முடித்த சூட்டில் உங்கள் 300ஐ விட்டுவிடும். எனவே 300 என்எம் இன்ஜினுக்கு 360 முதல் 390 வரை தாங்கும் செட் தேடுங்கள். இதே அளவில் விசை 15 சதவீதம் கூடிய பிரஷர் பிளேட் போட்டால் 391 வருகிறது, போதும். பெடலும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கனக்கும், பழகிவிடும்.

கடையில் "எத்தனை என்எம் தாங்கும்" என்று கேட்காதீர்கள், யாரும் எதையும் சொல்லலாம். பிரஷர் பிளேட் விசை எத்தனை நியூட்டன், லைனிங் என்ன பொருள், பிளேட் விட்டம் என்ன என்று கேளுங்கள். மூன்றும் கிடைத்தால் மீதியை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ட்யூனரிடமும் ஒன்று கேட்க வேண்டும்: அந்த 300 கிராங்கிலா (இன்ஜின் தண்டில்), சக்கரத்திலா? சக்கரத்தில் என்றால் கிளட்ச் பார்ப்பது இன்னும் அதிகம், கணக்கையும் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

6 பக் பற்றி. மேலே உள்ள கணக்கில் லைனிங் பரப்பே வரவில்லை, கவனித்தீர்களா? பக் பிளேட் அதிகம் தாங்குவது கெழு 0.40க்கு மேல் போவதால்தான். பரப்பு குறைந்ததால் கிடைப்பது வேறு: சூடு ஆறே இடத்தில் குவியும், ஃப்ளைவீல் முகம் சீக்கிரம் தேயும், பெடலில் பிடிக்கும் தூரம் விரலளவாகச் சுருங்கும். சிக்னலுக்கு சிக்னல் ஊர்ந்து போகும்போது வண்டி உதறும். கரியில் ஒரு சுற்று 2.1 கிமீதான், கிளட்சை நழுவ விடும் வேலையே அங்கே இல்லை. கியர் மாற்றும் அரை நொடிக்கு ஆர்கானிக் போதும். பக் பிளேட் நின்ற இடத்திலிருந்து பாய்கிற வண்டிக்கு. நீங்கள்தான் டிராக் ரேஸ் இல்லை என்கிறீர்களே.

கெவ்லார் லைனிங் யாராவது சொன்னாலும் வேண்டாம். நெடுநாள் உழைக்கும், உண்மை. ஆனால் பழக்கும் காலத்தில் ஒரு தடவை சூடு ஏற்றினால் முகம் கண்ணாடி போலாகிவிடும், திரும்ப வருவது கஷ்டம்.

---

மலைப்பாதை_40

உராய்வு சார் சொன்னதுல ஆர்கானிக் வரைக்கும் சம்மதம். ஃப்ளைவீல் பத்தி யாரும் பேசலையே. தினமும் டிராஃபிக்ல ஓடற வண்டிக்கு டூயல் மாஸை எடுக்கச் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

டூயல் மாஸ்ல ரெண்டு பாதிக்கு நடுவுல வில் மாதிரி வளைஞ்ச ஸ்பிரிங் இருக்கு. இன்ஜின் ஒவ்வொரு வெடிப்புலயும் குடுக்கற உதறலை அதுதான் முழுங்குது. எடுத்துட்டா அது நேரா பாக்ஸுக்குப் போகும். நியூட்ரல்ல கலகலன்னு சத்தம், 2,000க்குக் கீழ மிதிச்சா உறுமல். ஏசி ஓடறப்ப இன்னும் கேக்கும். வீட்ல உக்கார்றவங்க "வண்டி ரிப்பேரா"ம்பாங்க. டூயல் மாஸ் புதுசு, அதுக்கேத்த வலுவான சாக்ஸ் (Sachs) கம்பெனி பிரஷர் பிளேட், ஆர்கானிக் டிஸ்க் (சார் சொன்ன பிளேட்தான்). 300க்கு இது ஓடும்.

---

உராய்வு

சத்தம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த வளைந்த ஸ்பிரிங்குகள் 210 என்எம் இன்ஜினுக்கு அளவெடுத்தவை. 300 வரும்போது முழு மிதியில் அவை கடைசிவரை அமுங்கி முட்டலாம். பிரஷர் பிளேட்டை வலுவாக்கினால் ஸ்லிப் நிற்கும், முட்டுவது நிற்காது. முன்பு நழுவி விட்டுக்கொடுத்த கிளட்ச் இப்போது விட்டுக்கொடுக்காது, அவ்வளவு அடியும் ஸ்பிரிங்குக்கே. இன்ஜினை நிறுத்தும்போது கடகடவென உதறல் வந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். 300ல் டிராஃபிக் மட்டும் ஓட்டுபவருக்கு உங்கள் வழி சரி. வருடத்துக்கு மூன்று நாள் ட்ராக் ஓட்டுபவருக்கு ஒற்றை மாஸ் என்பேன்.

ஜி60 ஃப்ளைவீல் யாரோ லேத்தில் போட்டுச் செய்த பண்டமல்ல. ஃபோக்ஸ்வாகன் கொராடோ ஜி60யில், 02ஜேவுக்கு மூத்த 02ஏ பாக்ஸோடு கம்பெனியே போட்ட ஒற்றை மாஸ். 228 மிமீ விஆர்6 கிளட்ச் அதில் அப்படியே உட்காரும், உங்கள் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பல்லுக்கும் பொருந்தும். அதற்குத்தான் இவ்வளவு நாளாக இந்த ஜோடிக்கு மவுசு. இரும்பு, கனமானது, அதனால் சிக்னலில் அணையாமல் நகர்த்தலாம். ஐந்து ஆறு கிலோ அலுமினிய ஃப்ளைவீல் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். சத்தம் இரட்டிப்பாகும், ஐடில் அலையும்.

ஒன்றில் மட்டும் ஏமாறக் கூடாது. டூயல் மாஸ் செட்டில் வரும் டிஸ்க்கின் நடுவில் ஸ்பிரிங் இருக்காது, ஃப்ளைவீலிலேயே இருப்பதால் தேவையில்லை. ஒற்றை மாஸுக்கு நடுவில் ஸ்பிரிங் உள்ள டிஸ்க்தான் போட வேண்டும். "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, அதையே போட்டுக்கலாம்" என்று பழையதையோ டூயல் மாஸ் டிஸ்க்கையோ ஜி60யில் ஏற்றினால், உதறலை முழுங்க ஆளே இருக்காது. பாக்ஸ் உள்ளே பல் அடி வாங்கும்.

---

ஸ்பேனர்_13

எனக்கும் ரெண்டாவதுதான். 600 என்எம் கிளட்ச் ஏன் வேண்டாங்கறதுக்கு இன்னொண்ணும் இருக்கு. 02ஜேல டிஃபரன்ஷியல் பெரிய பல்சக்கரம் ரிவெட் அடிச்சது. போல்ட் இல்ல. கிளட்ச் எதுக்கும் விடாதுன்னா அடி அங்க போகும். ரிவெட் அறுந்து உள்ள சுத்துச்சுன்னா பாக்ஸ் கூட்டைப் பொத்துக்கிட்டு வெளிய வரும். கிளட்ச் போனா ஒரு நாள் வேலை. பாக்ஸ் போனா பாக்ஸ்தான். ரிவெட்டை எடுத்துட்டு போடற போல்ட் கிட் கிடைக்குது. லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் எப்பவாவது போடற எண்ணம் இருந்தா இப்பவே ரெண்டையும் சேர்த்துப் பண்ணுங்க, பாக்ஸை ரெண்டு தடவை இறக்காதீங்க.

வேலைக்கு வர்றேன். மெக்கானிக் கையில இதைக் குடுத்துருங்க:

ஸ்லேவ் சிலிண்டரைக் கழட்டினதும் பெடலை யாரும் மிதிக்கக் கூடாது. பிஸ்டன் வெளிய பறந்துரும்.

ட்ரைவ் ஷாஃப்ட் ஃபிளேஞ்ச் போல்ட் 12 முனை உள்பல். பல்லுல அழுக்கைச் சுரண்டி, பிட்டை சுத்தியலால தட்டி முழுசா இறக்கினப்புறம்தான் திருப்பணும். அரைகுறையா உக்கார வெச்சுத் திருப்பினா தலை வட்டமாயிரும், அப்புறம் வெல்டிங்தான்.

பாக்ஸ் இறங்கினதும் கிராங்கை முன்னுக்கும் பின்னுக்கும் நெம்பி டயல் கேஜ்ல ஆட்டம் பாருங்க. 0.30 மிமீ தாண்டினா அதிக விசை பிரஷர் பிளேட் போடவே கூடாது. பெடல் மிதிக்கற ஒவ்வொரு தடவையும் அந்த விசை கிராங்க் த்ரஸ்ட் வாஷர் மேலதான் உக்காருது. இதை யாரும் பாக்கறதில்ல, கிளட்ச் மாத்தி ஒரு வருஷத்துல இன்ஜின் ஏன் போச்சுன்னு முழிப்பாங்க.

கிராங்க் பின் சீல் புதுசு போடுங்க, ஒழுகலைன்னாலும். அது டெஃப்லான் உதடு. ஆயிலோ கிரீஸோ தடவாம உலர்ந்தபடியே ஏத்தணும். பழக்க தோஷத்துல ஆயில் தடவித்தான் பாதிப் பேர் கெடுக்கறாங்க.

ஃப்ளைவீல் போல்ட் புதுசு. நீளுற வகை, ஒரு தடவைக்குத்தான். 60 என்எம், அப்புறம் 90 டிகிரி. ஒற்றை மாஸுக்கும் டூயல் மாஸுக்கும் போல்ட் நீளம் வேற, ஜி60 ஃப்ளைவீலுக்கான போல்ட்டைக் கேட்டு வாங்குங்க.

ஃப்ளைவீல் செகண்ட் ஹேண்ட்னா லேத்ல முகம் எடுத்து வாங்குங்க. மயிரிழை விரிசல் இருந்தா வேண்டாம். ஏத்தறதுக்கு முன்ன பிரேக் கிளீனர்ல ரெண்டு தடவை துடைக்கணும், விரல் ரேகை கூட இருக்கக் கூடாது.

ரிலீஸ் பேரிங், அது வழுக்கற பிளாஸ்டிக் குழாய், ஃபோர்க் உக்கார்ற பந்து, கிளிப் எல்லாம் புதுசு. இன்புட் ஷாஃப்ட் பல்லுல கிரீஸ் தடவி, டிஸ்க்கை ஒரு தடவை ஓட்டி எடுத்து, மிச்சத்தைத் துடைச்சுருங்க. அப்பின கிரீஸ் சுத்தும்போது நேரா லைனிங்குக்குத்தான் போகும்.

பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிரா, ஒவ்வொரு தடவையும் அரைச் சுத்து. ஒரு பக்கம் முழுசா முறுக்கினா பிளேட் கோணிக்கும்.

கடைசியா, பாக்ஸை ஏத்தறப்ப அதோட கனம் டிஸ்க் நடுவுல தொங்கவே கூடாது. ஜாக் மேல நிக்கட்டும். கூட்டுல டவல் பின் (பாக்ஸை நேரா உக்கார வைக்கற பின்) ரெண்டும் இருக்கணும். டிஸ்க் வளைஞ்சுட்டா ரிவர்ஸ் கரகரன்னு விழும், எத்தனை பிளீட் பண்ணினாலும் போகாது.

கியர் ஆயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4, ரெண்டு லிட்டர்.

---

மலைப்பாதை_40

பிளீட் பண்றதுக்கு ஒண்ணு சேர்த்துக்கறேன். கிளட்சும் பிரேக்கும் ஒரே டேங்க். கிளட்சுக்குப் போற குழாய் டேங்க்ல மேல இருந்து கிளம்புது. பிரேக்குக்கு ஆயில் போதுமான அளவு இருந்தாலும் கிளட்ச் காத்து இழுக்கும். பிளீட் முடியற வரைக்கும் மேக்ஸ் கோட்டுக்குக் கீழ விடாதீங்க.

பெடல் கனமானதும் பெடல் பிராக்கெட்டையும் மாஸ்டர் சிலிண்டர் தண்டு மாட்டற பிளாஸ்டிக் கிளிப்பையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. கீறல் இருந்தா இப்பவே மாத்துங்க. வால்பாறை ஏத்தத்துல இருபதாவது வளைவுல பெடல் தரையோட ஒட்டிக்கிட்டா, மீதி இருபது வளைவுக்கும் ஆண்டவன்தான் துணை.

பாக்ஸ் கீழ இருக்கற டார்க் ராட் புஷ்ஷும் பாருங்க. அது தளர்ந்திருந்தா புதுக் கிளட்ச் உதறுதுன்னு கிளட்சைத் திட்டுவீங்க.

---

காளப்பட்டி_ஆர்எஸ்

ரொம்ப நன்றிங்க மூணு பேருக்கும். ட்யூனர்கிட்ட கேட்டேன், 300 கிராங்க் கணக்குதானாம். ஜி60 + விஆர்6, ஸ்பிரிங் டிஸ்க், விசை கூடின பிரஷர் பிளேட்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு கேள்வி. பொருள் வர மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் ரீமேப்பை ஸ்டாக்குக்கு மாத்திடலாமா? ஃப்ளைவீல் மாத்தினா கிராங்க் சென்சார் பிரச்சினை வருமா?

---

உராய்வு

சென்சார் பிரச்சினை வராது. இந்த இன்ஜினில் சென்சார் பார்க்கும் பல்சக்கரம் கிராங்கிலேயே, இன்ஜின் பிளாக்குக்கு உள்ளே இருக்கிறது. ஃப்ளைவீலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முழு ஸ்டாக் தேவையில்லை. 4,000க்குக் கீழே டார்க்கை 240 என்எம்மோடு நிறுத்தச் சொல்லுங்கள். லாக்கில் நழுவுவது அந்த இடத்தில்தான். புது கிளட்ச் வந்த பிறகும் அந்தக் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் சாய்வாகவே ஏற்றச் சொல்வேன். குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென வரும் டார்க்தான் இந்த இன்ஜினில் கனெக்டிங் ராடை வளைப்பது.

---

ஸ்பேனர்_13

மாட்டினப்புறம் 800 கிமீ ஊருக்குள்ள ஓட்டுங்க. பைபாஸ்ல சென்னை போயிட்டு வந்து "ஆயிரம் ஆச்சுங்ண்ணா"ன்னா கணக்குல வராது. நின்னு நின்னு கிளம்பறதுதான் பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒண்ணுக்கொண்ணு பழகற நேரம். அதுவரைக்கும் பாதி மிதிக்கு மேல வேண்டாம், மேட்டுல கிளட்ச்லயே வண்டியை நிறுத்தி வெக்காதீங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க. முதல் நூறு கிமீ லேசா கருகல் வாடை வரலாம், பயப்படாதீங்க. இருநூறு தாண்டியும் வந்தா பெடல் முழுசா திரும்புதான்னு பாருங்க.

800 முடிஞ்சதும் அதே ரோட்ல, அதே நாலாவது கியர்ல லாக் எடுத்துப் போடுங்க. 3,250ல 101 கிமீ காட்டணும்.